ஆழ்கடல் நீரோட்டப் பதிவு: எதை எடுப்பது, எதை ஒதுக்குவது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் இங்கிருந்தே ஆழ்கடல் நீரோட்டத்தை ஆராயலாம். நல்ல பதிவைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 2000-லிருந்து நிலநடுக்கோட்டில், கிழக்கு 93, 83, 77 பாகைகளில் கருவிகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளைப் பராமரிக்கிறது. ஆய்வேட்டுக்காகப் பதிவு தேடும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கருவி எதில் தொங்கியது என்று பாருங்கள். மேற்பரப்பு மிதவை செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் தகவல் தரும். ஆனால் அலையில் அது ஏறி இறங்கும்போது கீழேயுள்ள கருவியும் ஆடும். போதாததற்கு மீன்பிடிப் படகுகளாலும் சேதம். தலைமிதவையே நீருக்கடியில் நிற்கும் அமைப்பில் இந்தத் தொல்லைகள் இல்லை. மீட்டெடுக்கும்வரை பதிவு கைக்கு வராது என்பதுதான் அதன் குறை. ஆழ்நீரோட்டம் வேண்டுமென்றால் இரண்டாவதையே எடுங்கள்.

அடுத்தது கருவி. பழைய ரோட்டர் வகை, நீர் வினாடிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தையாவது தொட்டால்தான் ஒழுங்காகச் சுற்றும். ஆழத்தில் பல நாட்கள் நீரோட்டமே அவ்வளவுதான். பதிவைத் திறந்ததும் வேகத்தின் பத்தியில் ஒரே சிறிய எண் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்தால், ரோட்டர் நின்றுவிட்டது என்று பொருள். அந்த எண்களைச் சேர்த்து எடுத்த மாதச் சராசரியை நம்ப வேண்டாம்.

ஒலியால் அளக்கும் டாப்ளர் கருவியில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒலியைத் திருப்பி அனுப்ப வேண்டும். தெளிந்த ஆழ்நீரில் துகள் குறைவு, எதிரொலியும் மெலியும். ஆகவே எதிரொலி வலிமை இல்லாத டாப்ளர் பதிவு எனக்குப் பாதிப் பதிவுதான். பல அடுக்குகளை ஒரே நேரத்தில் அளக்கும் ஏடிசிபி மேல் சில நூறு மீட்டருக்கு அருமையானது. மேல்நோக்கி வைத்த கருவியில், ஒலிக்கதிரின் சாய்வு 20 பாகை என்றால், மேற்பரப்பை ஒட்டிய சுமார் 6 சதவீதத் தூரத்தை வெட்டிவிட வேண்டும். இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே, ஒரே புள்ளியில் அளக்கும் ஒலிக்கருவியே என் தேர்வு.

அழுத்தமானி இல்லாத தொடரை ஒதுக்கிவிடுங்கள். வேகமான நீரோட்டம் கயிற்றைச் சாய்க்கும், 500 மீட்டரில் வைத்த கருவி இன்னும் கீழே போகும். ஆழம் கூடியிருந்தும் எந்தக் கருவியிலும் வேகம் ஏறவில்லை என்றால், அழுத்தமானியே பிழையாகக் காட்டியிருக்கலாம்.

திசையைச் சோதிக்காமல் விடுபவர்களே அதிகம். சேலத்தை அடுத்த, காந்தத் தாது நிறைந்த கஞ்சமலையில் திசைகாட்டி முள் விலகும். கருவிக்குள் இருக்கும் மின்கலத்தின் இரும்பு உறையும் அதையே செய்யும். கடலில் இறக்கும்போது எந்த மின்கலம் இருந்ததோ, அதோடுதான் அளவுத்திருத்தம் செய்திருக்க வேண்டும்.

கடைசியாக, இயற்கையே தரும் அத்தாட்சி. நல்ல பதிவில் 12.42 மணி நேர ஓதச் சுழற்சி பெரும்பாலும் தெரியும். சென்னைக்கு நேரான கடலில், பூமியின் சுழற்சியால் வரும் சுமார் 53 மணி நேர அலைவும் தலைகாட்டும். நிலநடுக்கோட்டில் மட்டும் அந்த அலைவைத் தேடாதீர்கள், அங்கே அது இருக்காது.

பதிவு கேட்டு எழுதும்போது சராசரிக் கோப்போடு நிற்காதீர்கள். மூலப் பதிவு, அழுத்தம், சாய்வு, எதிரொலி வலிமை, அளவுத்திருத்தச் சான்று எல்லாவற்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.