கைக்கு ஏற்ற விளக்குமாறு



உங்கள் வீட்டு விளக்குமாறு எத்தனை அடி நீளம்? பாத்திரம் தேய்ப்பது தரையிலா, மேடையிலா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள். வீட்டில் கையோ, காலோ, கண்ணோ, முதுகோ சரியாக ஒத்துழைக்காத ஒருவர் இருந்தால், அவர் வேலை செய்வதும் மூலையில் உட்கார்ந்து விடுவதும் பல நேரம் இந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது.

யாருக்கு இந்தப் பாடம்?

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. ஆனால் அதற்கு முன் சிறு வயதிலேயே கால் சூம்பியவர்கள் இன்று தாய் தகப்பனாகக் குடும்பம் நடத்துகிறார்கள். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், மூட்டுவாதத்தில் விரல் கோணியவர்கள், தொழுநோய் குணமாகியும் கையில் உணர்ச்சி திரும்பாதவர்கள், மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர்கள், பார்வை இழந்தவர்கள் என்று எந்த ஊரிலும் நாலு பேராவது இருப்பார்கள். 2006-ல் சிக்குன்குனியா பரவியபோது, மாதக்கணக்கில் குனிய முடியாமல் தவித்தவர்களை உங்களுக்கே நினைவிருக்கும்.

"நீங்க சும்மா உக்காருங்க"

"அப்பத்தா, ஒங்களால முடியாது. நீங்க சும்மா உக்காருங்க." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் விளைவு என்ன?

ஒன்று, அவர் செய்த வேலை இன்னொருவர் தலையில் ஏறுகிறது. களை எடுத்துவிட்டு அந்தியில் திரும்பும் மனைவி, வாசல் கூட்டிப் பாத்திரமும் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் மூத்த பெண் பிள்ளையின் பள்ளிக்கூடம் நின்று போகிறது.

இரண்டு, அசையாத மூட்டு இன்னும் இறுகிப் போகிறது.

மூன்று, "நான் இந்த வீட்டுக்குப் பாரம்" என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்து விடுகிறது. அதற்கு மாத்திரை கிடையாது.

குறை ஆளிடமா, கருவியிடமா?

மதுரையில் 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை அறிவீர்கள். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கத்தியைப் பிடிக்கப் பழகித்தான் அவர் ஆயிரமாயிரம் பேருக்குக் கண் ஆபரேஷன் செய்தார். கண் ஆபரேஷனே அப்படிச் செய்ய முடியுமானால், நம் வீட்டு விளக்குமாற்றையும் துடைக்கும் துணியையும் கைக்கு ஏற்றபடி மாற்ற முடியாதா? பெரிய செலவும் இல்லை.

1. குனிய முடியாதவருக்கு

தென்னங்குச்சி விளக்குமாற்றை மூங்கில் கம்பில் இறுக்கிக் கட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் கம்பு அவருடைய நெஞ்சு உயரம் வர வேண்டும். பழைய எண்ணெய் டின்னைச் சாய்வாக வெட்டி, ஓரத்தை மடக்கித் தட்டி, அதற்கும் ஒரு கம்பு வைத்தால் நின்றபடியே குப்பை அள்ளலாம். பாத்திரம் தேய்க்க இடுப்பு உயரத்தில் ஒரு கல் மேடை போடுங்கள். வாளியை நிறைய நிரப்பாமல், அரை வாளியாக இரண்டு தடவை எடுக்கட்டும்.

2. ஒரு கை மட்டும் உள்ளவருக்கு

ஒற்றைக் கையால் தேய்த்தால் பாத்திரம் உருண்டு ஓடும். நம் வீட்டுப் பிரிமணையே இதற்கு மருந்து. சட்டியைப் பிரிமணையில் உட்கார வைத்தால் அசையாது. தட்டுக்கு அடியில் ஈரச் சாக்கை மடித்துப் போடுங்கள். துடைத்த துணியைப் பிழிவது எப்படி? துணியின் நடுப்பகுதியைக் குழாயிலோ உறுதியான கம்பியிலோ மாட்டி, இரண்டு முனையையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து முறுக்கினால் தண்ணீர் முழுவதும் வடிந்து விடும்.

3. விரல் மடங்காதவருக்கு

மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் இவர்களுக்கு வலி. பிடியைப் பருமனாக்குங்கள். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, விளக்குமாறு, பிரஷ், அகப்பை எல்லாவற்றின் பிடியிலும் சுற்றிக் கட்டலாம். வழுக்காது. அப்படியும் பிடிக்க முடியாதவருக்கு, பிடியில் ஒரு துணி வார் தைத்து விடுங்கள். உள்ளங்கையை அதற்குள் நுழைத்துக் கொண்டால் போதும்.

4. கையில் உணர்ச்சி இல்லாதவருக்கு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைப்புண்ணுக்குக் காரணத்தைத் தேடினார். நோய் விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் உரசலும் கவனிக்கப்படாமல் புண்ணாகிறது என்று எடுத்துக் காட்டினார். சர்க்கரை நோயில் மரத்துப் போன கைகாலுக்கும் இது பொருந்தும். ஆகவே கம்பி நார் வேண்டாம், தேங்காய் நார் போதும். கூரான விளிம்புள்ள பிடி கூடாது. சூடான பாத்திரத்துக்குத் தடித்த பிடிதுணி கட்டாயம். வேலை முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிக் கண்ணால் பார்க்க வேண்டும். சிவப்போ கொப்புளமோ இருந்தால் அன்றே மருந்து போடுங்கள்.

5. பார்வை இல்லாதவருக்கு

மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற இடங்களில் பார்வையற்றவர்கள் படித்துத் தொழில் பழகியிருக்கிறார்கள். வீட்டு வேலையும் பழக்கம்தான். சுவரோரம் தொடங்கி, கட்டம் கட்டமாகக் கூட்டி வரட்டும். கூட்டிய இடத்தை வெறுங்காலால் தடவிப் பார்த்தால் மண் தெரிந்துவிடும். முக்கியமாக, விளக்குமாறும் வாளியும் தினமும் அதே இடத்தில் இருக்க வேண்டும். "இங்கதானே வச்சேன்" என்று அவரைத் தேட விடாதீர்கள். பினாயில் பாட்டிலில் ஒரு ரப்பர் வளையம், ஆசிட் பாட்டிலில் இரண்டு என்று அடையாளம் போடுங்கள்.

6. தரையில் நகர்ந்து செல்பவருக்கு

இவருக்கு நீளக் கம்பு உதவாது. குட்டை விளக்குமாறுதான் ஏற்றது. பார்த்தீர்களா, ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு நல்லது! குழாய், பாத்திரம், நார் எல்லாவற்றையும் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்த்தி வையுங்கள். சக்கரப் பலகை இருந்தால் வாளியையும் அதில் வைத்துத் தள்ளலாம்.

எச்சரிக்கை

பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். எழுந்து வெளியே ஓட முடியாதவருக்கு இது உயிராபத்து. குளிர்பான பாட்டிலில் பினாயில் ஊற்றி வைக்காதீர்கள். ஈரத் தரையில் ஊன்றுகோல் வழுக்கும். அதன் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

"ஆம்பள வெளக்கமாறு பிடிக்கிறதா? ஊரு சிரிக்காதா?" என்று கேட்கிறீர்களா? மனைவிக்கு மூட்டு வலி என்றால் வாசல் கூட்டுவதும் உங்கள் வேலைதான். கம்பு கட்டித் தருவதோடு நிறுத்தாதீர்கள். அதேபோல, பக்கவாதம் வந்த கணவருக்கு மனைவி எல்லாவற்றையும் தானே செய்துவிடாமல், அவருக்கு முடிந்த ஒரு வேலையை அவரிடம் விடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

எந்தக் கருவி செய்தாலும் முதலில் அவரிடமே கேளுங்கள்: "இது கைக்கு வாகா இருக்கா?" அவர் சொல்கிறபடி நீளத்தையும் பருமனையும் மாற்றுங்கள். கேட்காமல் செய்த கருவி மூலையில்தான் கிடக்கும்.

உதவி எங்கே?

உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் சேர்க்கப்பட்டது. எந்தக் கைக்கு எந்தப் பயிற்சி என்று அவர்களைக் கேளுங்கள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

இருவரும் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் யாரை "சும்மா உக்காருங்க" என்று சொல்லி வைத்திருக்கிறோம்?
2. அவர் திரும்பச் செய்ய ஆசைப்படும் வேலை எது? அவரிடம் கேட்டோமா?
3. அந்த வேலைக்கான கருவியில் எதை மாற்ற வேண்டும்: நீளமா, பிடியா, வைக்கும் இடமா?

இந்த வாரம் ஒரே ஒரு கருவியை மாற்றிப் பாருங்கள்.