உவர்நீரும் குடிநீரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த கரிசற் சீமையாகும். குண்டாற்றில் வெள்ளம் வருஷத்தில் சில நாட்களே காணப்படும். பல கிராமங்களில் கிணறு வெட்டினால் நீர் கிடைக்கிறது. ஆனால் அது உவர்நீராயிருக்கிறது. அதனை இயற்கை முறையில் குடிநீராக்கக் கூடுமா என்பது ஆராயத்தக்கது.

முதலாவதாக, கலங்கலும் உவர்ப்பும் வெவ்வேறு குற்றங்கள் என்று அறிதல் வேண்டும். கலங்கல் என்பது நீரில் மிதக்கும் மண் துகள்களால் உண்டாவது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்தாலும், முருங்கை விதையைப் பொடித்துக் கலந்தாலும் அத்துகள்கள் ஒன்றுகூடி அடியிற் படியும். உப்போ நீரிற் கரைந்திருப்பது. ஆதலால் அது இவ்வாறு படியாது. மணலிலும் கரியிலும் வடிகட்டினாலும் நீரோடு கூடவே இறங்கிவிடும். காய்ச்சினால் நோய்க்கிருமிகள் மாளும். எனினும் நீர் சுண்டச் சுண்ட உவர்ப்பு மிகும். கிணற்றில் நெல்லிக்கட்டை இடும் பழைய வழக்கத்தை மட்டும் நம்பி உவர்நீரைப் பருகுதலும் தகாது.

நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி விடுகிறது. ஆழமற்ற தொட்டியின் உள்ளடிக்குக் கருமை பூசி, உவர்நீர் விட்டு, கண்ணாடியால் சாய்வாக மூடி வெயிலில் வைத்தால், ஆவியானது கண்ணாடியின் உட்புறத்தில் குளிர்ந்து, துளித்துளியாக ஓரத்து வடிகாலில் சேரும். 1872-ம் ஆண்டில் சிலி தேசத்து லாஸ் சலினாஸ் என்னும் சுரங்க ஊரில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. ஆயினும் 1 சதுர மீட்டர் தொட்டி நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 3 அல்லது 4 லிட்டரே தரும். ஒருவர் குடிப்பதற்கு அது போதும். ஒரு குடும்பத்துக்குப் போதாது.

இதே வேலையைச் சூரியன் கடலின்மீது செய்கிறான். அதன் பயனே மழை. 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் நல்ல நீர் விழுகிறது. மேற்கூறிய தொட்டி அவ்வளவு நீரைத் தருவதற்கு 50 நாள் வெயிலாவது வேண்டும். முன்னோர் இவ்வுண்மையை உணர்ந்தே ஊர்தோறும் ஊருணி அமைத்தனர்.

ஆகையால் ஐப்பசி மழைக்கு முன்னரே ஊருணியின் வரத்துக்கால்களைச் செப்பனிடுதல் அவசியம். தூர் வாருங்கால் அடிக் களிமண்ணைத் துளைத்துவிடலாகாது. துளைத்தால் நீர் கீழே கசிந்துபோம். கால்நடைகளை இறக்குதலும், துணி வெளுத்தலும் கூடா. ஊருணி நீரையும் தெளியவைத்து, காய்ச்சியே பருகவேண்டும். கிணற்று உவர்நீரைப் பிற உபயோகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்த நீரை வீணாக்கிய கிராமத்துப் பெண்டிர், சித்திரையில் குடத்துடன் அயலூருக்கு நடக்க நேரிடும்.