தேக்கா முதல் தெலுக் ஆயர் வரை

சிங்கப்பூருக்கு வரும் சுற்றுப்பயணிகளில் பலர் லிட்டில் இந்தியாவுக்கு ஓரிரு மணி நேரமே ஒதுக்குகிறார்கள். கோபுரத்தைப் படம் பிடிக்கிறார்கள், வாழையிலையில் சாப்பிடுகிறார்கள், பூச்சரம் வாங்குகிறார்கள், பிறகு அடுத்த இடத்திற்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மையான இடம்தான். ஆனால், முழுமையான இடமா?

அதே பயணி சற்று மெதுவாக நடந்து, தெருப் பெயர்களை நின்று படித்தால் வேறொரு சிங்கப்பூர் அவர் கண்ணுக்குத் தெரியும். இந்நகரின் பெயர்களுக்குள் எருமைகள் இருக்கின்றன. மூங்கில் புதர்கள் இருக்கின்றன. இப்போது கண்ணுக்கே தெரியாத ஒரு கடற்கரையும் இருக்கிறது.

மூங்கிலடியில் ஒரு சந்தை

பயணத்தைத் தேக்கா நிலையத்தில் தொடங்கலாம். கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடிக் கடைகளும் உள்ளன. மேல்தளத்தில் புடவைக் கடைகளும் தையற்கடைகளும் வரிசையாக இருக்கின்றன. தமிழில் மீன் பெயர் சொல்லி அழைக்கும் சீன வியாபாரியையும், மலாயில் பேரம் பேசும் தமிழ்ப் பாட்டியையும் இங்கே ஒரே வரிசையில் காணலாம்.

'தேக்கா' என்னும் சொல் தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கிறது. ஆனால், அது ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. 'மூங்கிலின் அடி' என்பது அதன் பொருள். அருகிலுள்ள ரோச்சோர் கால்வாயின் ஓரத்தில் முற்காலத்தில் மூங்கில்கள் அடர்ந்திருந்தன. 1915ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பழைய சந்தைக்கு 'கண்டாங் கெர்பாவ்' என்று பெயர். மலாய் மொழியில் 'எருமைத் தொழுவம்' என்று பொருள்.

1982இல் சந்தை சாலையின் மறுபக்கத்தில் எழுந்த புதிய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. அப்போது அதற்கு 'ஜூஜியாவ்' நிலையம் என்று பெயர் வைத்தார்கள். அது அதே 'மூங்கிலடி'யின் மாண்டரின் உச்சரிப்புதான். இருப்பினும், மீன் வாங்க வந்த எவரும் அப்படி அழைக்கவில்லை. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் 'தேக்கா' என்றே சொல்லி வந்தனர். 2000ஆம் ஆண்டில் அந்தக் கட்டடம் 'தேக்கா நிலையம்' என்ற பெயரைப் பெற்றது. பெயர்ப்பலகை சொன்னதை மக்கள் ஏற்கவில்லை. மக்கள் சொன்னதைப் பெயர்ப்பலகை ஏற்றுக்கொண்டது.

'லிட்டில் இந்தியா' என்ற பெயரும் அவ்வளவு பழையதன்று. சுற்றுலாவை வளர்க்கும் முயற்சியில் 1980களில் அது பரவலானது. உள்ளூர்த் தமிழர்கள் இன்றும் 'தேக்காவுக்குப் போகிறேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

எருமைகள் நடந்த தெருக்கள்

சந்தைக்கு அருகில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் உள்ளன. ஒன்று ஆங்கிலப் பெயர். மற்றொன்று மலாய்ப் பெயர். இரண்டும் குறிப்பது எருமையைத்தான். 1840களில் இவ்வட்டாரத்தில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. தாழ்வான நிலமும் கால்வாய் நீரும் மேய்ச்சலுக்கு ஏற்றவையாக இருந்ததால் கால்நடை வணிகம் இங்கே செழித்தது. மாடு வளர்ப்பிலும் பால் விற்பனையிலும் ஈடுபட்ட இந்தியர்கள் இங்கே குடியேறினர். பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவிற்கு இடம் மாறிவிட்டது. ஆனால், 'ரேஸ் கோர்ஸ் சாலை' என்ற பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி உணவகங்கள் புகழ்பெற்றவை. தென்னிந்திய மசாலாக் குழம்பும், மீன் தலையை விரும்பி உண்ணும் சீனர்களின் சுவையும் சேர்ந்து பிறந்த உணவு அது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணி அதைப் புதிய உணவாகவே ருசிக்கிறார். அது சிங்கப்பூரின் சொந்தச் சமையல்.

கெர்பாவ் சாலையில் பல வண்ணங்களில் ஒரு வீடு நிற்கிறது. பயணிகள் அதன் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 1900ஆம் ஆண்டில் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டிய வீடு. அவர் மிட்டாய்த் தொழிற்சாலைகளை நடத்தியவர். 'இந்திய' வட்டாரம் எனப்படும் இடத்தில் ஒரு சீனரின் மாளிகை இருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். உண்மையில் இவ்வட்டாரம் எந்த ஓர் இனத்திற்கும் மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை அக்காலத்தில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று அழைத்தனர். 'கம்போங்' என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் 'கம்பம்' ஆயிற்று. அருகிலிருந்த சுண்ணாம்புக் காளவாய்களில் வேலை செய்தவர்கள் இங்கே வழிபட்டனர். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது மக்கள் இவ்வாலயத்தில் தஞ்சம் புகுந்தனர்.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் வாசலுக்கு மேலே கதிர்கள் விரியும் சூரிய வடிவம் ஒன்று உண்டு. அதன் 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அழகிய அரபு எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அண்ணாந்து பார்க்காதவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும்.

காக்கப்பட்டவையும் காணாமற்போனவையும்

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை செல்கிறது. தமிழர்கள் அதை 'அஞ்சடி' என்பார்கள். வெயிலும் மழையும் மிகுந்த ஊரில் நடப்பவர்களுக்கு நிழல் வேண்டும் என்று 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலேயே இது இடம்பெற்றது.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் இக்கடைவீடுகள் தப்பின. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. நுணுக்கமான செதுக்கல்கள் நிறைந்த செட்டிநாட்டு வாயில்நிலை ஒன்று அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

எல்லா இடங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அவர்கள் தரையில் பாய் விரித்து, சிறு மேசையையும் பெட்டியையும் முன்னால் வைத்துக் கடன் கொடுத்து வாங்கினார்கள். சிறு வணிகர்கள் பலர் அந்தக் கடனால்தான் தொழில் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பின்போது அக்கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இன்று அங்கே வானளாவிய அலுவலகங்கள் நிற்கின்றன. படம் எடுக்க அங்கே எதுவும் இல்லை. அறிந்தவர் சொன்னால்தான் பயணிக்குத் தெரியும்.

கட்டடத்தைக் காக்கச் சட்டம் உதவும். ஆனால், அதற்குள் நடக்கும் தொழிலைக் காக்க வாடிக்கையாளர் வேண்டும். பூக்கட்டுபவரும் மசாலா அரைப்பவரும் இல்லாத தேக்கா, வண்ணம் பூசிய வெறும் சுவராகிவிடும்.

கடல் விலகிய கரை

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் ஏறினால் ஆறாவது நிலையம் தெலுக் ஆயர். மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா. 'ஆயர்' என்றால் தண்ணீர். ஆனால், நிலையத்திலிருந்து வெளியே வந்தால் உயரமான கட்டடங்களே கண்ணில் படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தூர்க்கப்படும்வரை இந்தத் தெருவே கடற்கரையாக இருந்தது.

அதற்குச் சான்று தெருவின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கிறது. நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவைக் கட்டினர். சற்றுத் தள்ளி, கடல் தெய்வமான மாசுவுக்குச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில் உள்ளது. அது 1842இல் நிறைவுற்றது. அதே வரிசையில் அல்-அப்ரார் பள்ளிவாசல் நிற்கிறது. தொடக்கத்தில் அது குடிசையாக இருந்ததால் தமிழர்கள் அதைக் 'குச்சுப் பள்ளி' என்று அழைத்தனர்.

கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் செய்தது நன்றி சொல்வதே. வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு முறைகளில், ஒரே கடலைக் கடந்ததற்காக அவர்கள் நன்றி சொன்னார்கள்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தெரியும். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை என்பவர் இங்கே செங்கல் சூளை நடத்தினார். 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் இக்கோயில் எழுந்ததற்கு அவரே காரணம். சைனாடவுனில் அமைந்த கோயில் இது. கோயிலை ஒட்டிய தெருவின் பெயர் 'பகோடா ஸ்திரீட்'. பலர் அதைச் சீனப் பகோடா என்று எண்ணுகிறார்கள். அப்பெயர் குறிப்பதோ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை!

ஆற்றைக் கடந்தால் வெண்ணிறமான செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் வரவேற்கும். 1856க்கும் 1861க்கும் இடையில் இந்தியக் கைதிகள் இதைக் கட்டினர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துச் சுவரில் பூசினர். இதற்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர். காய்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினர். கட்டியவர்களின் பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. அவர்களின் கைத்திறன் மட்டும் சுவரில் ஒளிர்கிறது.

படிக்க ஆள் வேண்டும்

பயணத்தின் முடிவாகச் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்திற்குச் செல்லலாம். அங்கே எழுத்துகள் பொறித்த கல்துண்டு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் பெரும்பாறையாக இருந்ததை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். எஞ்சியவற்றுள் ஒன்றே இத்துண்டு. அதில் எழுதியிருப்பதை இன்றுவரை யாராலும் முழுமையாகப் படிக்க முடியவில்லை. எழுதியவரின் மொழியைப் பேசுவோர் இவ்வூரில் இல்லாமற்போனதும், அந்த எழுத்து வெறும் கோடுகளாகிவிட்டது.

அரும்பொருளகத்தை விட்டு வெளியே வந்து ரயில் நிலையத்தை நோக்கி நடக்கும் பயணி, தமிழ் உட்பட நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எழுதிய எச்சரிக்கைப் பலகைகளை வழியில் காணலாம். அந்தத் தமிழ் எழுத்துகளை நிமிர்ந்து படிக்கும் மாணவர் ஒருவர் அங்கே நிற்கும்வரை, அவை கோடுகள் அல்ல, சொற்கள். 'இதற்கு என்ன பொருள்?' என்று ஒரு பயணி கேட்டால், அந்த மாணவரால் பதில் சொல்ல முடியும். தேக்காவின் கதையையும் சொல்ல முடியும்.

சிந்தித்துப் பேசுக

1. தேக்கா நிலையத்தின் பெயர் மாறி, மீண்டும் பழைய பெயரே நிலைத்ததிலிருந்து நீங்கள் அறிவது என்ன?

2. 'கட்டடத்தைக் காக்கச் சட்டம் உதவும். தொழிலைக் காக்க வாடிக்கையாளர் வேண்டும்.' இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? ஏன்?

3. உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வருகிறார். சுற்றுலாக் கையேட்டில் இல்லாத எந்த இடத்திற்கு அவரை அழைத்துச் செல்வீர்கள்? அங்கே அவரிடம் என்ன சொல்வீர்கள்?