விறகு வாயுவும் சிற்றூர் விளக்கும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் அருகியபோது, நம் சாலைகளிலே கரிவாயு உலை பூட்டிய பஸ்கள் ஓடின. அவற்றில் ஏறியவர் இன்று மிகச் சிலரே. அவர் சொல்லக் கேட்டவர் பலர். அவ்வுலையின் தத்துவம் எளிது. விறகையோ உமியையோ போதிய காற்றின்றி எரித்தால், அது முழுதும் எரிந்துபோகாமல், கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் சிறிது மீத்தேனும் கலந்த வாயுவை வெளிவிடும். அவ்வாயுவினின்று தாரையும் தூசியையும் நீக்கிக் குளிரச்செய்து எஞ்சினுக்குட் செலுத்தினால் எஞ்சின் ஓடும். அதனோடு பிணைத்த டைனமோ மின்சாரம் தரும். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ உலர்ந்த விறகு போதும்.

இத்துணை எளிய சாதனம், மின்கம்பி எட்டாத சிற்றூர்களிற் பரவி நிலைபெறாதது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். யந்திரத்தின் குறையே காரணம் என்பர் பலர். தார் படிவதும், வடிகட்டி அடைபடுவதும், பழுது பார்ப்பார் பக்கத்தூரிலும் இல்லாமையும் உண்மையே. ஆயினும் அவற்றினும் பெருந்தடை, பணம் வந்த வழியிலும் அரசாங்கக் கொள்கை சென்ற வழியிலும் இருந்தது என்பது நம் துணிபு.

கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் ஹொசஹள்ளி என்றொரு சிற்றூர் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் அங்கு 1988-இல் விறகுவாயு மின்னாக்கத்தைத் தொடங்கினர். பிற்பாடு 20 கிலோவாட் அளவுக்கு அது பெருகிற்று. 2004 வரை பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அவ்வூரின் விளக்கும் குடிநீரும் பாசனமும் மாவரைவையும் அதனாலேயே நடந்தன. அக்காலத்தின் கடைசி ஆறு ஆண்டுகளில், நூற்றுக்கு எண்பத்தைந்து நாட்களுக்கு மேல் விளக்கும் குழாய்நீரும் தவறாது கிடைத்தன. நகரத்து மின்வாரியங்களே அந்நாளில் இதனினும் நன்றாகச் செய்தன என்று கூறத் துணியோம்.

அவ்வூர்க் கணக்கிலே மாணவர் ஊன்றி நோக்கத்தக்க இரண்டு எண்கள் உள. விறகு, இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான செலவு, 5 கிலோவாட் சுமையில் யூனிட்டுக்கு 5 ரூபாய் 85 காசு. 20 கிலோவாட் சுமையில் 3 ரூபாய் 34 காசு. யந்திரமும் ஒன்றே, விறகும் ஒன்றே. வேறுபாடு சுமையால் வந்தது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நூறு வீடுள்ள ஓர் ஊரில், வீட்டுக்கு 50 வாட் வீதம், இரவில் ஐந்து மணி நேரம் விளக்கு எரிகின்றது எனக் கொள்வோம். சுமை 5 கிலோவாட். இரவொன்றுக்கு 25 யூனிட். மேற்கூறிய விலைப்படி இரவுச் செலவு 146 ரூபாய்க்குச் சற்று மேல். மாதத்துக்கு வீட்டுக்கு ஏறக்குறைய 44 ரூபாய். யந்திரத்தின் முதலும் வட்டியும் இதிற் சேரவில்லை. அதே ஐந்து மணி நேரத்தில் மாவு யந்திரமும் நீர்ப்பம்பும் சேர்ந்து சுமை 20 கிலோவாட் ஆகுமாயின், 100 யூனிட்டுக்கு ஆகும் செலவு 334 ரூபாய். மின்சாரம் நான்கு மடங்காகியும் செலவு இரண்டேகால் மடங்கே ஆகின்றது. ஆகவே, விளக்குக்கு மட்டும் யந்திரம் வைத்த ஊர் நட்டத்தையும் உடன் வைத்ததாகும்.

நிற்க. 2004-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய கிராம எரிசக்திப் பாதுகாப்புத் திட்டம், முதற்செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை மானியம் அளித்து, யந்திரத்தைக் கிராமக் குழுவிடம் ஒப்புவித்தது. யந்திரம் வாங்கப் பணம் கிடைத்தது. ஆனால் இரவிலே சம்பளம் பெற்று உலையைக் காக்கும் ஆளுக்கும், மூன்றாம் ஆண்டில் தேயும் உறுப்புக்கும், சுமையைப் பெருக்கும் மாவு ஆலைக்கும் பணம் வேண்டுமே! பல ஊர்களில் அது கிட்டாமையால் உலை அணைந்தது. குழுவினரை நாம் குறைகூறோம். பட்டணத்து மின்நிலையத்தை ஊரார் குழுவொன்று மாலைவேளைகளிற் கூடி நடத்தவேண்டுமென எவரும் கேட்டதில்லை.

இனி வங்கிகள். சிற்றூரில் நாட்டிய உலையைப் பறித்து விற்றால் பழைய இரும்பு விலையே கிடைக்கும். குழுவுக்கோ ஈடு காட்டச் சொத்து இல்லை. விறகும் உமியும் எழுத்தாலான ஒப்பந்தப்படி வருவனவல்ல; கேட்பாரற்றுக் கிடந்த உமிக்கு, வாங்குவார் ஒருவர் தோன்றியதும் விலையும் தோன்றிவிடுகின்றது. ரிசர்வ் வங்கி 2015-இல் இத்தகைய மின்னாக்கத்தை முன்னுரிமைக் கடன்களின் வகையிற் சேர்த்தது. நல்லதே. எனினும், பத்து இலட்ச ரூபாய்க் கடனை ஆராய்வதற்கும் பத்துக் கோடிக் கடனை ஆராய்வதற்கும் ஆகும் உழைப்பிற் பெரிய வேற்றுமை இன்மையின், சிறியது பின்தள்ளப்படுகின்றது.

கொள்கையின் முரண் இதனினும் பெரிது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட கிராமப் பகுதிகளில் மின்னாக்கி விநியோகிப்பார்க்கு உரிமம் வேண்டா என விதித்தது. அச்சொல்லை நம்பி ஒருவர் முதல் இட்டார் என்க. சில ஆண்டுகளில் அரசாங்கக் கம்பி அவ்வூருட் புகுந்தது. கம்பி மின்சாரத்தின் விலை அடக்க விலையினும் குறைவு. அந்நட்டத்தை அரசாங்கமும் ஆலைகளும் நகரத்தாரும் சுமக்கின்றனர். உலை மின்சாரத்துக்கோ அத்தகைய தாங்கல் யாதும் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் இரு ஏழைகளுள், கம்பி பெற்றவன் குறைந்த விலையும், பெறாதவன் முழு விலையும் கொடுக்க நேர்ந்த இவ்வநீதியைப் பற்றிச் சட்டசபைகளில் எழுந்த பேச்சு மிகச் சிறிது.

கம்பி வந்த ஊர் எல்லாம் ஒளி பெற்றது என்பதற்கும் இல்லை. 2004-ஆம் ஆண்டு வரையறைப்படி, பொது இடங்களோடு நூற்றுக்குப் பத்து வீடுகளில் மின்சாரம் இருந்தாலே ஊர் முழுதும் மின்சாரம் பெற்றதாக எண்ணப்பட்டது. 2018 ஏப்ரல் 28-இல் மணிப்பூரின் லெய்சாங் கம்பியோடு இணைந்தபோது இந்தியாவின் கிராமங்கள் அனைத்தும் மின்சாரம் பெற்றன என அறிவிக்கப்பட்டது இவ்வளவைகொண்டே. வீடுகளுக்கு இணைப்பளிக்க 2017-இலேயே தனித்திட்டம் ஒன்று தொடங்கவேண்டியிருந்தது.

உத்தரப் பிரதேச அரசாங்கம் 2016-இல் வகுத்த சிறுமின்வலைக் கொள்கை இச்சிக்கலின் முடிச்சொன்றை அவிழ்க்க முயன்றது. கம்பி வரின், ஊர் நிலையத்தார் தம் மின்சாரத்தை அதற்கே விற்கலாம். அன்றேல் நிலையத்தை விலைக்கு ஒப்படைத்து விலகலாம். பீகாரின் சம்பாரண் பகுதியில், தம்குஹா என்னும் ஊரில், 2007-இல் உமியையே எரித்துத் தொடங்கிய ஹஸ்க் பவர் என்னும் கம்பெனியார் வேறொரு வழி கண்டனர். அவர் பகலுக்குச் சூரியத் தகடுகளையும் இரவுக்கு உமி உலையையும் இணைத்ததோடு, வீடுகளோடு நில்லாது கடைகளையும் சிறு ஆலைகளையும் வாடிக்கையாளராகத் தேடிச் சென்றனர். ஹொசஹள்ளிக் கணக்கில் 5 கிலோவாட்டினின்று 20-ஐ நோக்கி நகர்வது இதுவே.