சரக்கு ரயில் பெட்டியில் கடைசி எண் எதற்கு?

அம்பாத்துரை ஸ்டேஷனில் சரக்கு ரயில் நிற்கும்போது பெட்டிகளை எண்ணாதவங்க நம்ம பள்ளியில் யாரும் இருக்க மாட்டீங்க. நானும் எண்ணுவேன். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் 11 இலக்க எண் எழுதியிருப்பதைப் போன தீபாவளி வரை நான் கவனித்ததே இல்லை. கவனிக்க வைத்தது ஒரு சேலை மூட்டை.

எங்க அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறாங்க. சாயவேலை முடிந்ததும் மாமா சேலைகளை மூட்டை கட்டி, திண்டுக்கல்லில் பார்சல் லாரி ஆபீஸில் புக் பண்ணுவார். போன தீபாவளிக்குப் பதினெட்டு நாள் முன்னாடி 36 சேலைகளை ஈரோட்டுக்கு அனுப்பினார். ரசீது எண் 3874. மூட்டை மேல் மார்க்கரில் எழுதினவர் அவசரத்தில் 3847 என்று எழுதிட்டார். ஊர்ப் பெயரும் எழுதியிருந்தது, ஆனால் அது மழையில் அழிஞ்சு போச்சு. 3847 என்பது சேலம் போகிற ஒரு பூட்டுப் பெட்டியின் எண். எங்க மூட்டையும் அதோடு சேலம் போய்விட்டது.

மாமா தினமும் போன் போட்டார். "3874 ஈரோடு போயாச்சுன்னு கம்ப்யூட்டர் காட்டுதுங்க" என்று ஆபீஸில் சொன்னாங்க. ஈரோட்டுக் கடைக்காரர் வரவே இல்லை என்றார். ரெண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. கம்ப்யூட்டர் ரசீது எண்ணின் பின்னாலேயே போயிருக்கு. மூட்டை எங்கே போச்சு என்று அதுக்குத் தெரியாது. தீபாவளி முடிந்து நாலாம் நாள் சேலம் குடோனில் மூட்டை கிடைத்தது. கடைக்காரர் பாதிச் சேலையைத் திருப்பி அனுப்பிட்டார். அம்மாவுக்குக் கூலி தை மாசம்தான் வந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்க வீட்டில் தம்பிக்கு மட்டும்தான் புதுச்சட்டை.

எங்க தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன தாத்தா ஒருவர் இருக்கார். அவரிடம், "இத்தனை பெட்டி போகுதே, ரயில்வேயில் மட்டும் எப்படி மாறிப்போகாம இருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நின்றிருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். அதில் 22061104732 என்று இருந்தது.

முதல் இரண்டு இலக்கம் பெட்டியின் வகை. 10 முதல் 29 வரை கூரை இல்லாத பெட்டி, 30 முதல் 39 வரை மூடிய பெட்டி, 40 முதல் 49 வரை டேங்கர். அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. 06 என்றால் நம்ம தெற்கு ரயில்வே. அடுத்து 11, அதாவது 2011-இல் செய்த பெட்டி. 0473 பெட்டியின் சொந்த எண். எஃப்.ஓ.ஐ.எஸ். என்று ரயில்வேயில் ஒரு கம்ப்யூட்டர் முறை இருக்கு. எந்தப் பெட்டி எங்கே நிற்குது என்று அதில் இந்த எண்ணை வைத்துத்தான் பார்ப்பாங்களாம்.

மீதி இருக்கிற 2-தான் நான் சொல்ல வந்தது. அது சோதனை எண். முதல் பத்து இலக்கத்தில் 2, 4, 6, 8, 10-ஆம் இடத்தில் இருப்பதைக் கூட்டணும். 2+6+1+4+3=16. அதை மூன்றால் பெருக்கினால் 48. மற்ற இடங்களில் இருப்பது 2+0+1+0+7=10. மொத்தம் 58. அடுத்த பத்தின் மடங்கான 60-க்கு இன்னும் 2 வேணும். அந்த 2-தான் கடைசி எண்!

யாராவது 0473-ஐ 0437 என்று எழுதிட்டாங்க என்று வையுங்க. மொத்தம் 66 வரும். 70-க்கு 4 வேணும், ஆனால் கடைசியில் 2 இருக்கு. தப்பு மாட்டிக்கும். ஒரே ஒரு இலக்கம் மாறினால் கட்டாயம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் எப்பவும் பிடிபடுமா என்று கணக்கு டீச்சர் கேட்டாங்க. நோட்டில் ரெண்டு பக்கம் போட்டுப் பார்த்தேன். 1-உம் 6-உம், 2-உம் 7-உம் மாதிரி வித்தியாசம் 5 இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாந்து போகுது. இதை நானே கண்டுபிடிச்சேன், டீச்சர் சொல்லித் தரலை!

நாலுவழிச் சாலையில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியையும் பாருங்க. நாலு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டத்துக்குள் தனியாக ஒரு இலக்கம் இருக்கும். அதுவும் சோதனை எண்தான், ஆனால் கணக்கு வேற மாதிரி.

இப்போ மாமா புக் பண்ணிட்டு வந்ததும் ரசீதை என்னிடம் தருவார். 3874 போல நாலு இலக்கம் இருந்தால் நான் அதே முறையில் கூட்டி, 46, அதனால் 4 என்று பக்கத்தில் எழுதித் தருவேன். அவர் மூட்டையின் நாலு பக்கமும் 3874-4 என்று தானே பெரிதாக எழுதுறார். லாரி ஆபீஸ்காரங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, உண்மைதான். ஆனால் மூட்டையில் என்ன எழுதியிருக்கு என்று போனில் கேட்டால் வாசிச்சுச் சொல்வாங்க. தப்பாக வாசித்தால் நான் உடனே, "இன்னொரு வாட்டி பாருங்கண்ணே" என்று சொல்லிடுவேன். ரெண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு டேங்கர் பெட்டியில் 4006142158 வரைக்கும்தான் தெரியுது, கடைசி எண்ணை மண் மறைச்சிருக்கு. அது என்ன எண்? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி 9-ஆம் வகுப்பில் என்னிடம் கொடுங்க.