ஆர்வரி ஓடையும் அதன் கரைக் கிராமங்களும்

ஓடையின் ஜலம் ஓடைப் பள்ளத்தில் பிறப்பதில்லை. அதைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலேயே பிறக்கிறது. ராஜஸ்தானத்து ஆல்வார் ஜில்லாவிலுள்ள ஆர்வரி என்னும் சிற்றாறு இதனை நன்கு விளக்கும்.

போக்கு: ஆரவல்லி மலைத்தொடரில் பாவுண்டா, கோலியாலா கிராமங்களை அடுத்த குன்றுகளில் இது உற்பத்தியாகிறது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர் ஓடி, சைந்தல் சாகர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. அப்பிரதேசத்தில் மழை பெரும்பாலும் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரையில் பெய்யும். மற்ற மாதங்களில் ஓடையில் ஜலம் நிற்கவேண்டுமாயின், அது பூமியிலிருந்தே ஊறி வரவேண்டும்.

வறண்ட காரணம்: குன்றுகளிலிருந்த மரங்கள் வெட்டப்பட்டன. முன்னோர் அமைத்த ‘ஜோஹட்’ என்னும் மண்கரைத் தேக்கங்கள் பராமரிப்பின்றித் தூர்ந்தன. மழை ஜலம் மேல்மண்ணை அரித்துக்கொண்டு விரைந்தோடிற்று. கிணறுகள் வற்றின, ஓடையும் மழைக்காலத்தில் மாத்திரமே ஓடலாயிற்று.

மீண்ட விதம்: 1985-ஆம் வருஷத்தில் ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கத்தினரும் அந்த ஜில்லாவில் தொண்டு தொடங்கினர். கிராமவாசிகள் தங்கள் உழைப்பையும் பொருளையும் அளித்து, சரிவுகளின் குறுக்கே பிறை வடிவில் மண்கரைகளை எழுப்பினர். கரைக்குப்பின் தேங்கிய ஜலம் மெல்ல மண்ணுள் இறங்கிக் கிணறுகளில் ஊறிற்று; பின்பு தாழ்ந்த ஓடைப்படுகையில் கசிந்து வெளிப்பட்டது. 1990-களின் மத்தியில் ஆர்வரியில் வருஷம் முழுவதும் நீரோட்டம் காணப்பட்டது.

கட்டுப்பாடு: ஜலம் வந்ததும் அதன் உரிமை பற்றிய கேள்வியும் எழுந்தது. 1996-இல் ஓடையின் மீன்பிடிப்பு குத்தகைக்கு விடப்பட்டபோது, ஹமீர்புரா கிராமத்தார் எதிர்த்து நின்றனர், குத்தகை நீக்கப்பட்டது. இதன் பயனாக 1999-இல் சுமார் 70 கிராமங்களின் பிரதிநிதிகள் கூடி ‘ஆர்வரி சம்சத்’ என்னும் சபையை ஸ்தாபித்தனர். கரும்பு முதலிய மிகுந்த நீர் வேண்டும் பயிர்களைத் தவிர்த்தல், மரம் வெட்டுதலைத் தடுத்தல் போன்ற விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டனர்.

நமது சங்க அங்கத்தினர் செய்யத்தக்கவை:

1. மழைக்கு முன், தம் ஊர் ஓடையைத் தலைப்பு முதல் கடைசி வரை நடந்து பார்த்து, உடைந்த கரைகளையும் மண் அரிக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுதல்.

2. பழுதுபார்ப்பதை மேலிருந்து கீழாகச் செய்தல். மேற்கரை சீர்ப்பட்டால் வெள்ளத்தின் வேகமும் வண்டலும் குறைந்து, கீழ்க்கரை நிலைக்கும்.

3. ஜலம் குறைந்த காலத்தில் யார் எவ்வளவு இறைக்கலாம், என்ன பயிர் வைக்கலாம் என்பதை, மேலூர், கீழூர் இரண்டும் கூடி முன்னதாகவே தீர்மானித்தல்.

மேலூரின் கரை உடைந்தால் கீழூரின் கிணறு வற்றும். ஆகையால் ஓடையின் காரியம் ஓரூரின் காரியமாக இருக்க முடியாது.