மேடு பள்ளத்தில் மருந்தடிக்கும் ட்ரோன்: உயரம்தான் வில்லங்கம்

புதுச்சேரி கோரிமேட்டில் மொட்டைமாடியில் ஏறி ட்ரோன் ஓட்டிப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அது பச்சை காட்டும் வெளிக்காட்டுக்குப் போங்கள். மருந்தடிக்கும் ட்ரோனுக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். பேட்டரி, மருந்துக் கலவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எல்லோரும் சறுக்குவது உயரத்தில். பயிருக்கு மேல் சுமார் 2 மீட்டரில் போக வேண்டும். ஆனால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கும் ட்ரோன், கிளம்பின இடத்திலிருந்துதான் கணக்குப் போடும். செம்மண் மேட்டில் கிளப்பி 3 மீட்டர் தாழ்ந்த கொல்லைக்கு அனுப்பினால், திரையில் 2 என்றே நிற்கும். நிஜத்தில் 5 மீட்டர். மருந்து பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். பள்ளத்தில் கிளப்பி மேட்டுக்கு அனுப்பினாலோ மல்லாட்டைச் செடிக்குள்ளேயே புகுந்துவிடும்.

அதனால் தரையைப் பார்க்கும் ரேடாரைப் போட்டுக்கொள்ளுங்கள். 1967-இல் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்த எஃப்-111 போர் விமானம் மலைகளை ஒட்டித் தாழப் பறந்ததும் ரேடாரை நம்பித்தான். ஆனால் ரேடார் போட்டாச்சு என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அது மேட்டை உணர்ந்து எழும்ப ஒரு நொடி பிந்தினால் 5 மீட்டர் தாண்டியிருக்கும். சரிவில் நான் வேகத்தை 3-க்கு மேல் வைப்பதே இல்லை. ஏற்ற இறக்கமாக ஓட்டாமல் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும். தண்ணீர் நிற்கும் இளநாற்றில் ரேடார் பயிரை விட்டுவிட்டுத் தண்ணீரை அளக்கக்கூடும். அங்கே நாற்றின் உயரத்தையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது உங்கள் கண். 100 மீட்டர் தள்ளிப் போனால் 2 மீட்டரா 4 மீட்டரா என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் கோடி வரப்பில் ஓர் ஆளை நிறுத்தி, போனில் பேசிக்கொண்டே ஓட்டுங்கள். வெயில் முதுகில் படட்டும். நாலு பேட்டரி தீர்ந்ததும் ரிமோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்; ஐந்தாவதில்தான் கவனம் சிதறும்.

பம்புசெட்டுக்குப் போகும் கரண்ட் கம்பியைக் கீழே பார்க்கும் ரேடார் காணாது. கம்பி ஓரம் இரண்டு பாத்தியைக் கைத்தெளிப்பானுக்கு விட்டுவிடுங்கள். கொல்லைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.